ஒன்றும் தெரியாதவருக்கு ஒரு நாற்காலி

கனகவல்லிக்கு உட்காரத் தெரியாது. ஐம்பத்தாறு வயது மனுஷிக்கு உட்காரத் தெரியாது என்றால் சிரிப்பீர்கள். கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் வந்து விசாரித்துப் பாருங்கள், அவளைப் பற்றி எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். காலை எட்டு மணிக்குக் கறிவேப்பிலை வாங்கப் போவாள். பதினொரு மணிக்குக் கொத்தமல்லி. நாலு மணிக்கு, காலையில் மறந்துவிட்டதாக அவளே சொல்லிக்கொள்ளும் பச்சை மிளகாய். எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்கிவிட்டால் என்ன என்று மளிகைக் கடை சண்முகம் ஒரு நாள் கேட்டார்.

"அப்பறம் சாயங்காலம் நான் எதுக்கு வரது?" என்று அவரையே திருப்பிக் கேட்டுவிட்டு வந்தாள்.

இந்தப் பரபரப்பு அவள் கூடப் பிறந்தது என்று சொல்ல மாட்டேன். வேலை கற்றுக்கொடுத்தது. இருபத்தேழு வருஷம் டல்ஹௌசியில் ஒரு சரக்குக் கப்பல் ஏஜென்டின் அலுவலகத்தில் இருந்தாள். துறைமுகத்தில் ஒரு பெட்டி ஒரு நாள் அதிகமாக நின்றுவிட்டால் டெமரேஜ் என்று அபராதம் விழும். பெட்டி நிற்கக் கூடாது. எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது, யார் நகர்த்தப் போகிறார்கள் என்று காலையிலிருந்து மாலை வரை போனைப் பிடித்துக் கத்துவதுதான் அவள் உத்தியோகம். நன்றாகக் கத்துவாள். தமிழ், வங்காளம், இந்தி, ஆங்கிலம் என்று நாலு பாஷையிலும் கத்துவாள். பதினாலு மாதத்துக்கு முன்னால் கம்பெனி கல்கத்தாக் கிளையை மூடிவிட்டு மும்பைக்குப் போயிற்று. அவளுக்கு ஒரு பூங்கொத்தும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். வேலையில்லாதவளுக்குக் கடிகாரம் கொடுக்க வேண்டும் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ.

அவள் கணவர் வெங்கட்ராமன் பாங்கிலிருந்து ஓய்வு பெற்றவர். உட்காருவதில் அவருக்கு நிகர் கிடையாது. பால்கனியில் பிரம்பு நாற்காலி, மடியில் குறுக்கெழுத்துப் புதிர், காதில் பேனா. காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் சாப்பிடத்தான் எழுந்திருப்பார். மகளுக்குக் கல்யாணமாகிப் பெங்களூர் போனபின் அந்த வீட்டில் ஒருவர் நடப்பதும் ஒருவர் உட்காருவதுமாகப் பொழுது போயிற்று.

"ஒரு எடத்துல ஒக்காரேன். பாக்கறச்சே எனக்கே கால் வலிக்கறது" என்பார்.

"ஒக்காந்து என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். அதுக்குத்தான் ஒக்கார்றது."

இது அவளுக்கு விளங்கவே இல்லை. சில நாள் கரியாஹாட்டுக்கு ஆட்டோ ஏறுவாள். அங்கே நடைபாதைக் கடைகளின் நீல பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடப்பாள். ஒன்றும் வாங்காமல் திரும்புவாள். ராத்திரி படுத்தால், நாளைக்கு எங்கே போவது என்று விரல்விட்டு எண்ணுவாள். அழுகை வருகிற மாதிரி இருக்கும், வராது.

ஆடி மாதத்து மழை ஒரு வாரம் விடாமல் பெய்தபோது கனகவல்லி மாடிப்படியில் ஏறி இறங்க ஆரம்பித்தாள். கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்த ஸ்மிதா அதைப் பார்த்தாள். ஈரோட்டுப் பெண், இருபத்தேழு வயது, ஜாதவ்பூரில் கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை.

"ஆன்ட்டி, நீங்க எப்பவாச்சும் கம்ப்யூட்டர்ல கேம் விளையாடியிருக்கீங்களா?"

"இல்லையேடி."

"சீட்டாட்டம்கூட?"

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல சீட்டாடினா தொலைச்சுப்பிடுவா. ஏன் கேக்கறே?"

"சண்டை, பட்டாளம் இதைப் பத்தியெல்லாம் ஏதாச்சும் தெரியுங்களா?"

"ஒண்ணுமே தெரியாது."

ஸ்மிதாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்து கனகவல்லி திகைத்துப் போனாள். ஒன்றும் தெரியாது என்று சொல்லி அவள் இதுவரை யாரையும் சந்தோஷப்படுத்தியதில்லை.

விஷயம் இதுதான். அவர்கள் 'கணவாய்' என்று ஒரு போர் விளையாட்டு செய்துகொண்டிருந்தார்கள். கட்டம் கட்டமாக யோசித்து ஆட வேண்டியது. பழகினவர்கள் கொண்டாடினார்கள். புதிதாக வருகிறவர்கள் இருபது நிமிஷத்தில் மூடிவிட்டு ஓடினார்கள். துர்கா பூஜைக்குச் சற்று முன்னால் இணையத்தில் ஒரு விளையாட்டுத் திருவிழா. அதற்குள், ஒன்றும் தெரியாதவர்களும் கற்றுக்கொள்ளும்படி பயிற்சிப் பாடம் ஒன்றை உருவாக்க வேண்டும். அந்தப் பாடம் எழுதுவது ஸ்மிதாவின் வேலை. அதற்கு ஒன்றும் தெரியாத ஆள் ஒருவர் வேண்டும், எதிரே உட்காரவைத்துப் பார்க்க.

"பதினோரு மணிக்கு வந்து நாலு மணி வரைக்கும் இருந்தா போதுங்க. ஆட்டோவுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகிற மாதிரி ஏதோ தருவாங்க. ஆனா ஒரு கண்டிஷன். வீட்டுக்குப் போய் யார்கிட்டயும் கேக்கக் கூடாது, நெட்ல பாக்கக் கூடாது. கத்துக்கிட்டீங்கன்னா அவ்வளவுதான், உங்களை வச்சு ஒண்ணும் பண்ண முடியாதுங்க. போன தடவை சிவராமகிருஷ்ணன்னு ஒரு அங்கிள் வந்தாரு. ஒன்பதே நாள்ல கத்துக்கிட்டாரு. நிறுத்திட்டோம்."

பதினொன்றிலிருந்து நாலு வரை. கனகவல்லி அன்று மாடிப்படி ஏறவில்லை.

கம்பெனி, ஜாதவ்பூர் எட்டு-பி பஸ் நிலையத்துக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் இருந்தது. கீழே முகமது இஸ்மாயிலின் ஜெராக்ஸ் கடை. எல்லோருக்கும் அவர் இஸ்மாயில்-தா, அதாவது இஸ்மாயில் அண்ணன். மேலே ஐந்து பேர், ஐந்து மேஜை. ஜன்னலோரமாக ஆறாவது மேஜையும் சக்கரம் வைத்த நாற்காலியும். அதுதான் ஒன்றும் தெரியாதவருக்கு. கம்பெனி முதலாளி ஜெயந்துக்கு முப்பத்தோரு வயது. கல்கத்தாவிலேயே பிறந்த தமிழ்ப் பையன், கோபம் வந்தால் வங்காளம்தான் வாயில் வரும்.

"மாமி, உங்க மூஞ்சியும் ஸ்க்ரீனும் ரெக்கார்ட் ஆகும். மனசுல என்ன தோணறதோ சத்தமா சொல்லிண்டே ஆடுங்கோ. அவ்வளவுதான்."

ஸ்மிதா பின்னால் ஒரு ஸ்டூலில் நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்தாள். "நீங்க என்ன கேட்டாலும் நான் பதில் சொல்ல மாட்டேங்க. கோவிச்சுக்காதீங்க, அதுதான் ரூல்."

திரையில் ஒரு மலை, மலைக்கு நடுவே வழி, ஆறு பக்கக் கட்டங்கள். இந்தப் பக்கம் நம் சிப்பாய்கள் எட்டுப் பேர். அந்த வழியைப் பிடித்தால் ஜெயம். நமக்கு ஒரு முறை, எதிரிக்கு ஒரு முறை. கனகவல்லி எட்டுப் பேரையும் பார்த்தாள். எட்டுப் பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொருவனையும் பிடித்து எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் ஓட்டினாள். அடுத்த முறையும் ஓட்டினாள். ஒருவன் பாறைக்குப் பின்னால் சௌகரியமாக ஒதுங்கியிருந்தான். அவனையும் விடாமல் வெட்டவெளிக்குக் கிளப்பினாள். மூன்றாவது முறையில் எட்டுப் பேரும் செத்துப் போனார்கள்.

"ஏண்டி, எல்லாரும் போயிட்டாளா?"

ஸ்மிதா பென்சிலைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

"இன்னொரு தரம் ஆடலாமா?"

அன்று பத்துத் தரம் ஆடினாள். பத்துத் தரமும் தோற்றாள். நாலு மணிக்கு எழுந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: ஐந்து மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். பதினாலு மாதத்தில் முதல் தடவை. ஆட்டோவில் வரும்போது சந்தோஷத்தில் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் மழையைப் பற்றி ஏதேதோ பேசினாள்.

கற்றுக்கொள்ளக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் போனாள். ஆனால் ஒரு காரியத்தைத் தப்புத் தப்பாகச் செய்துகொண்டு சும்மா இருக்க அவளால் முடியுமா? முதல் வாரக் கடைசியில் ஒரு தும்மல் வந்தது. தும்மிய வேகத்தில் விரல் தவறி, மூன்றாவது சிப்பாயை நகர்த்தாமலே முறை முடிந்துவிட்டது. போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டாள். எதிரி வந்தான். நகராமல் நின்றிருந்த அந்த மூன்றாமவன் தானாகவே துப்பாக்கியைத் தூக்கிச் சுட்டான்.

கனகவல்லி திரைக்கு நெருக்கமாக முகத்தை வைத்துப் பார்த்தாள். ஒவ்வொருவனுக்கும் கீழே நாலு புள்ளிகள். ஒரு கட்டம் நடந்தால் ஒரு புள்ளி போய்விடும், சுட்டால் இரண்டு. இரண்டு புள்ளிகளை மிச்சம் வைத்து நின்றவன், எதிரியின் முறையில் கண்ணில் படுகிறவனைச் சுடுவான். ஆக, நிற்கிறவன் சும்மா நிற்கவில்லை. காவல் இருக்கிறான். இருபத்தேழு வருஷ உத்தியோகத்தில் அவளுக்கு யாரும் சொல்லாத சங்கதி இது. அந்த வியப்பில் இதைச் சத்தமாகச் சொல்ல மறந்துபோனாள்.

அதன்பின் அவளைப் பிடிக்க முடியவில்லை. எட்டுப் பேரை வைத்துக்கொண்டு மாரடிப்பதை விட்டாள். இரண்டே சிப்பாய்கள் இருக்கும் சின்னப் பயிற்சி மைதானத்துக்குப் போய், அதே மைதானத்தை ஒன்பது தரம் ஆடினாள். எதிரியின் பார்வை எதுவரை விழும் என்று சிவப்பாகக் காட்டும் ஒரு பொத்தான் இருந்தது. அடி எடுத்து வைப்பதற்கு முன் அதை அழுத்திப் பார்க்கப் பழகினாள். ஒரு ஆள் செத்ததும் பதறி முதலிலிருந்து தொடங்குவதை நிறுத்தினாள். செத்தவன் போக மிச்சமிருக்கிற ஏழு பேரோடு கடைசி வரை போனால்தான் எங்கே தப்பு நடந்தது என்று தெரிகிறது. கரியாஹாட்டில் ஆட்டோ மாறும்போதெல்லாம், புடவைக் கடை மூலையிலிருந்து பார்த்தால் மீன் மார்க்கெட் வாசல் தெரியுமா, நடுவில் பூஜைப் பந்தலுக்கு நட்டிருக்கும் மூங்கில் மறைக்குமா என்று கண் தானாகக் கணக்குப் போட்டது.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை. ஸ்மிதா சாப்பாடு வாங்கக் கீழே போயிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் ரெக்கார்டிங்கை நிறுத்திவிடுவார்கள். பன்னிரண்டாவது முறையில் கனகவல்லி கணவாயைப் பிடித்தாள். எட்டில் ஏழு பேர் உயிரோடு. திரையில் கொடி ஏறியது.

கத்த வேண்டும் போல இருந்தது. வாயையும் திறந்துவிட்டாள். அதற்குள் படியில் ஸ்மிதாவின் செருப்புச் சத்தம். கொடி, செருப்பு, ஒன்பதே நாளில் கற்றுக்கொண்ட சிவராமகிருஷ்ணன், கறிவேப்பிலை, மாடிப்படி, எல்லாம் ஒரே நொடியில் தலைக்குள் ஓடின. பொத்தானை அழுத்தி ஆட்டத்தை ஆரம்பத்துக்குக் கொண்டுபோனாள். ஸ்மிதா உள்ளே வந்தபோது கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டி கொழந்தே, இந்த மவுஸ்ல எந்தப் பக்கம் அழுத்தணும்? எனக்கு மறந்து மறந்து போறது."

நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை தட்டச்சு செய்கிறவள் சொன்ன பொய் இது. ஸ்மிதா மூன்று வாரத்தில் முதல் தடவையாக நோட்டில் வேகவேகமாக எழுதினாள்.

வழி கிடைத்துவிட்டது. ஐம்பத்தாறு வயது மாமிக்கு என்னென்ன தெரியாதிருக்கும் என்று இந்தப் பிள்ளைகள் நினைப்பார்கள்? ஆட்டோவில் வரும்போதே யோசித்துக்கொண்டு வருவாள். எழுத்து சின்னதாக இருக்கிறது என்பாள். நம்ம ஆள் பச்சையா, நீலமா என்று கேட்பாள். அம்புக்குறியைத் தேடுகிற மாதிரி திரை முழுக்க விரலால் துழாவுவாள். ஜெயந்த் அன்றன்றைய பதிவைப் பார்த்துவிட்டு, "ஈஷ், மாமி!" என்று வங்காளத்தில் உச்சுக்கொட்டிப் பாசமாகச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு அவளுக்குச் சுருக்கென்று தைக்கும். ஆனால் நாற்காலி இருந்ததே.

நாலு வாரம் இப்படி ஓடியது. பெரிய பெரிய எழுத்துகள் வந்தன. மின்னும் அம்புகள் வந்தன. பாடத்தின் முதல் பத்து நிமிஷம் மவுஸை எப்படிப் பிடிப்பது என்பதிலேயே கழிந்தது. ஸ்மிதா கண்ணுக்குக் கீழே கருவளையம் விழ வேலை செய்தாள்.

திருவிழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, சோதனை பார்க்கலாம் என்று கீழே ஜெராக்ஸ் கடை இஸ்மாயிலைக் கூப்பிட்டார்கள். நாற்பத்தைந்து வயது, இதுவரை எந்த விளையாட்டும் ஆடாதவர். கனகவல்லி தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு ஸ்மிதாவின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றாள்.

'இதுதான் மவுஸ்' என்றது திரை.

இஸ்மாயில் திரும்பிப் பார்த்தார். "நாள் முழுக்க கம்ப்யூட்டர்லதானே உக்காந்திருக்கேன். என்னைக் குழந்தைன்னு நினைச்சிட்டாங்களா, திதி?" என்று கனகவல்லியை அக்கா முறை வைத்து வங்காளத்தில் கேட்டார். பத்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு அம்புகளைத் துரத்தினார். ஒருவழியாகக் கணவாய் வந்தது. எட்டுப் பேர் நின்றார்கள். இஸ்மாயில் எட்டுப் பேரையும் பிடித்து எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் ஓட்டினார். பாறைக்குப் பின்னால் இருந்தவனையும் கிளப்பினார்.

கனகவல்லி ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இது அவள் செய்தது. முதல் நாள், பொய் சொல்லத் தெரியாதபோது அவள் நிஜமாகச் செய்தது. இரண்டு புள்ளிகளை மிச்சம் வை என்று பாடத்தில் எங்கேயும் ஒரு வரி கிடையாது. எப்படி இருக்கும்? அவள்தான் நாலு வாரமாக மவுஸைத் தேடிக்கொண்டிருந்தாளே.

மூன்றாவது முறையில் எல்லோரும் செத்தார்கள். இஸ்மாயில் எழுந்தார். "யாரோட தீசிஸோ இருநூறு பக்கம் பிரின்ட் போடணும்" என்று இறங்கிப் போய்விட்டார். மொத்தம் பதினேழு நிமிஷம்.

ஜெயந்த் தலையைப் பிடித்துக்கொண்டான். "மாமியை வெச்சுப் பாத்துப் பாத்துப் பண்ணினோம். ஆனா இவர் ஏன் நிக்கல?"

"என் தப்புதாங்க" என்றாள் ஸ்மிதா. "எனக்குத்தான் எழுத வரலை போலிருக்கு." சொல்லும்போதே குரல் உடைந்தது.

கனகவல்லி பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். எட்டு-பி வரை நடந்தாள். கரியாஹாட் ஆட்டோவில் ஏறினாள். வண்டி நிறைய இன்னும் ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் வருவதற்குள் இறங்கிவிட்டாள். திரும்பி நடந்தாள். ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றாள். மறுபடி பஸ் நிலையம் வரை போனாள். டிரைவர் அவளைப் பார்த்து, "ஜாபேன், நா ஜாபேன் நா?" என்றார். வரேளா இல்லையா என்றுதான் கேட்டார். வேறு என்னவோ கேட்ட மாதிரி அவளுக்கு இருந்தது. மூன்று மாடியையும் நிற்காமல் ஏறினாள்.

"ஸ்மிதா, நீ ஒண்ணும் தப்புப் பண்ணலை. நான்தான் பண்ணினேன்."

நாற்காலியில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் கணவாயைத் திறந்தாள். பத்தாவது முறையில் ஒரு சிப்பாய் செத்தான். அவள் பதறவில்லை. பதினோராவது முறையில் கொடி ஏறியது.

"எப்போலேர்ந்து?" என்றான் ஜெயந்த்.

"மூணாவது வாரத்துலேர்ந்து."

"நாலு வாரம் மாமி! நாலு வாரம்! எங்க மொத்த வேலையும்..." அதற்குமேல் வங்காளத்தில் பொரிந்தான். இங்கே எழுதுகிற மாதிரியான வார்த்தைகள் இல்லை. அவள் தலையைக் குனிந்து முழுவதையும் வாங்கிக்கொண்டாள்.

"ஏங்க ஆன்ட்டி?" என்றாள் ஸ்மிதா.

"தெரிஞ்சுடுத்துன்னா என்னை அனுப்பிடுவேளே. எனக்குப் போறதுக்கு வேற எடமில்லைடி."

கனகவல்லியே தொடர்ந்தாள். "மொத நாள் பதிவை எடுத்துப் பாருங்கோ. அன்னிக்கு நான் பண்ணினதெல்லாம் நெஜம். இன்னிக்கு இஸ்மாயில்-தா பண்ணினதும் அதேதான்."

பார்த்தார்கள். திரையில் ஏழு வாரத்துக்கு முந்தைய கனகவல்லி எட்டுப் பேரையும் விரட்டிக்கொண்டிருந்தாள். 'நிக்காதே, நிக்காதே, போ' என்று அவள் குரலே கேட்டது. ஸ்மிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு புதுப் பக்கம் புரட்டி எழுத ஆரம்பித்தாள். முதல் பாடம்: இரண்டே சிப்பாய்கள். ஒருவன் நடக்கட்டும். இன்னொருவன் எதுவும் செய்யாமல் நிற்கட்டும். பிறகு என்ன நடக்கிறது என்று பார்.

ஜெயந்த் ஆறிப்போயிருந்தான். "மாமி, கோவத்துல சொல்லல. இனிமே உங்களை வெச்சுப் பாக்க முடியாது. உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. இஸ்மாயில்-தாவும் இனிமே வர மாட்டார். பன்னெண்டு நாள்ல புதுசா ஒருத்தரை எங்கே போய்த் தேடறது?"

கனகவல்லி எழுந்து நாற்காலியை மேஜைக்கடியில் தள்ளினாள். பாழாக்கியவள் அவள். ஏதாவது செய்தாக வேண்டும்.

"எங்காத்துல ஒருத்தர் இருக்கார்" என்றாள். "சத்தியமா ஒண்ணும் தெரியாது. நானும் ஒரு வார்த்தை சொல்லித் தர மாட்டேன். நான் ஜெயிச்சதை நீங்களும் அவர்கிட்ட சொல்லப்படாது."

வெங்கட்ராமனைக் கிளப்புவது கணவாயைப் பிடிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"நீ போயிண்டிருந்தியே, என்ன ஆச்சு?"

உண்மையைச் சொன்னால், 'நாலு வாரமா வேஷமா போட்டே?' என்று நாள் முழுக்கக் கேட்பார். அதோடு, அவள் ஜெயித்தவள் என்று தெரிந்தால் அவளிடமே கற்றுக்கொள்ளலாமே என்று நாற்காலியை விட்டு அசைய மாட்டார்.

"எனக்கு வரலை. ஏழு வாரம் பாத்துட்டு வேண்டாம்னுட்டா. உங்களை மாதிரி பொறுமையா ஒக்கார்றவா யாராவது வேணுமாம்."

கடைசி வரி வேலை செய்தது. மறுநாள் குடையும் குறுக்கெழுத்துமாக அவர் ஆட்டோ ஏறினார். பால்கனியில் பிரம்பு நாற்காலி காலியாக இருந்தது. கனகவல்லி அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பொறாமையாக இருந்தது, சொன்னால் என்ன. பதினொன்றே கால் ஆயிற்று, இந்நேரம் முதல் முறை முடிந்திருக்கும். பன்னிரண்டு ஆயிற்று, எல்லோரையும் கொன்றிருப்பார். அந்த ஜன்னலிலிருந்து தெரியும் வேப்பமரம்கூட இப்போது அவருக்குத்தான்.

சாயங்காலம் ஸ்மிதா படியில் நின்று சொல்லிச் சிரித்தாள். "அங்கிள் ஒன்பது முறை ஒருத்தரைக்கூட நகத்தவே இல்லீங்க ஆன்ட்டி. எதிரி வந்து சுத்தி நின்னுட்டான். 'இருக்கட்டும், பாக்கலாம்'னுட்டு குறுக்கெழுத்தை எடுக்கறாரு! இப்படி ஒரு ஆள் எங்களுக்கு இதுவரைக்கும் கிடைச்சதே இல்ல. ரெண்டாவது பாடமே அவரை வச்சுத்தான் எழுதறேன்."

"நன்னா எழுது" என்றாள் கனகவல்லி. வேறு ஏதாவது வேலை இருந்தால் கூப்பிடுகிறேன் என்று ஸ்மிதா சொன்னாள். கூப்பிடுகிறேன் என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பது சரக்கு ஆபீசில் இருபத்தேழு வருஷம் இருந்தவளுக்குத் தெரியும்.

ஏழாவது நாள் வெங்கட்ராமன் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. சமையலறைக்குப் போய் ஒரு பிடி துவரம்பருப்பை எடுத்துவந்தார். காபி டபராவைக் கிணறாக வைத்தார். மேஜையில் எட்டுப் பருப்பை நிறுத்தினார். அவர் இத்தனை வேகமாக நடந்து, கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்ததில்லை.

"இங்க வாயேன். இது கெணறு. கெணத்துக்குப் பின்னால ஒருத்தன் ஒளிஞ்சுண்டிருக்கான். நாலு நாளா எடுக்க முடியலை. போனா சுட்டுடறான், போகலைன்னா நகர மாட்டேங்கறான். என்ன பண்றது?"

கனகவல்லி எதிரே உட்கார்ந்தாள். ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது. மூன்றாவது பருப்பை ஒரு கட்டம் பின்னால் இழுத்து அங்கேயே நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். மிச்சத்தை எதிரியே வந்து செய்துகொள்வான். அவள் விரல் மூன்றாவது பருப்பு வரை போயிற்று. அங்கேயே நின்றது. அதைத் தொட்டால் இன்னும் இரண்டு நாளில் அவருக்கும் எல்லாம் தெரிந்துபோகும். ஜன்னலோர நாற்காலியை மேஜைக்கடியில் தள்ளிவிடுவார்கள். இந்த மனுஷர் பால்கனிக்குத் திரும்பிவிடுவார். ஸ்மிதாவுக்கு மிச்சமிருக்கும் ஐந்து நாளில் வேறு ஆள் கிடைக்க மாட்டார்.

விரலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாது."

"ஏழு வாரம் போனியே. இதுகூடவா தெரியாது?"

அவளுக்குக் காது சூடேறியது. பன்னிரண்டாவது முறையில் ஏறிய கொடி, யாருக்கும் காட்டாமல் அழித்த கொடி, கண் முன்னால் வந்து நின்றது. வாய்வரை வந்ததை விழுங்கினாள்.

"தெரியாது."

வெங்கட்ராமன் அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் இரக்கம் வந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "போறது, விடு" என்றார் மெதுவாக. "எல்லாருக்கும் எல்லாம் வந்துடாது." பிறகு மூன்றாவது பருப்பை எடுத்துச் சரியாகத் தப்பான இடத்தில் வைத்தார்.

கனகவல்லி எழுந்து போகவில்லை. பச்சை மிளகாய் ஞாபகம் வந்தது, அதற்கும் எழவில்லை. உள்ளங்கைகளைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு, அவர் மூன்றாவது பருப்பை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நகர்த்துவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்குப் போய்ப் பாருங்கோ" என்றாள்.